ஒன்பதாயிரம் அடியில் ஒரு சிவப்புக் குமிழ்

ஃபோன் அடித்தது.

காலை பத்து மணி, பத்து நிமிடம்.

அவள் சமையல் மேடையோரம் நின்றபடியே ரொட்டியைக் கடித்துக்கொண்டிருந்தாள். ஒருத்திக்காக மேஜையைத் துடைப்பானேன் என்று, உட்கார்ந்து சாப்பிடுவதை விட்டு எட்டு வருஷமாகிறது.

வயது ஐம்பத்து நான்கு. வேலை, விமான விபத்து விசாரணை அதிகாரி. அந்த ஃபோன் அடித்தால் எங்கோ ஒரு விமானம் விழுந்திருக்கிறது என்று அர்த்தம். சும்மா நலம் விசாரிக்க அவளைக் கூப்பிட ஆளில்லை.

"மேடம், போலீஸ் இன்ஸ்பெக்டர் பேசுறேன். ஒரு சின்ன ப்ளேன் வயல்ல இறங்கியிருக்கு."

"இறங்கியிருக்கா... விழுந்திருக்கா?"

"அதான் மேடம் புரியல. நொறுங்கல. எரியல. யாரோ பார்க்கிங் பண்ணிட்டுப் போன மாதிரி நிக்குது. உள்ள ஒரே ஒரு ஆள். எத்தனை தடவை கூப்பிட்டும் அசைவே இல்ல."

அவள் மீதி ரொட்டியை அப்படியே வைத்துவிட்டுக் கார் சாவியை எடுத்தாள்.

*

அறுவடை முடிந்து தண்ணீர் தேங்கிய வயல்.

நடுவில், ஒரு சக்கரம் சேற்றில் புதைந்து, ஒற்றை எஞ்சின் விமானம் ஒருக்களித்து நின்றது. முன்னால் இரண்டு இருக்கை, பின்னால் மருந்துப் பெட்டிகள்.

இன்ஸ்பெக்டர் தொப்பியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, பேன்ட்டை முழங்கால் வரை சுருட்டியிருந்தார்.

"விசாரிச்சுட்டேன் மேடம். ஆள் பேரைக் கேட்டா யாருக்கும் தெரியல. கேப்டன்னா எல்லாருக்கும் தெரியுது. மனைவி இறந்து பல வருஷம். ரன்வே பக்கத்துலயே ஒரு ரூம்ல தனியா இருக்கார். தினம் காலைல ஆறரைக்குக் கிளம்பி, மலைக்கு நடுவுல இருக்குற ஊருக்கு மருந்து கொண்டுபோவார். ரெண்டு மணி நேரப் பயணம்."

"அந்த ஊர் எங்க இருக்கு?"

இன்ஸ்பெக்டர் பின்பக்கம் கை காட்டினார். தொலைவில் மலைத்தொடர் நீலமாகத் தெரிந்தது.

"அந்த மலைக்கு நடுவுல. அதைத் தாண்டி இந்தப் பக்கம் வந்து விழுந்திருக்கார். பஸ்ல தூங்கி ஸ்டாப்பை விட்ட ஆள் மாதிரி."

அவள் விமானத்தைச் சுற்றி வந்தாள்.

ப்ரொப்பெல்லரின் ஒரு இறகு வளைந்திருந்தது. மற்றது கம்பு போல் நேராக இருந்தது.

"சுத்திக்கிட்டே இறங்கியிருந்தா ரெண்டுமே சுருண்டிருக்கும். தரையைத் தொடுறதுக்கு முன்னாலயே எஞ்சின் நின்னுடுச்சு."

இறக்கைமேல் ஏறி, பெட்ரோல் டேங்கில் குச்சியை விட்டாள். எடுத்தாள். ஈரமில்லை. அடுத்த இறக்கையிலும் அதே கதை.

"ஒரு சொட்டு இல்ல."

"பெட்ரோல் போட மறந்துட்டாரா மேடம்?"

"பெட்ரோல் இல்லாம மலையைத் தாண்டி இவ்வளவு தூரம் வர முடியாது. நிரப்பித்தான் கிளம்பியிருக்கார். அவரைத் தூக்கினப்ப எப்படி இருந்தார்?"

இன்ஸ்பெக்டர் குரலைத் தணித்தார்.

"அதுதான் மேடம் உறுத்துது. இத்தனை வருஷ சர்வீஸ்ல எத்தனையோ பாத்துட்டேன். வெளுத்துப் போயிருக்கும், நீலம் பாரிச்சிருக்கும். இவர் முகம் செக்கச்செவேல்னு இருந்துச்சு. கல்யாண மாப்பிள்ளை மாதிரி."

அவள் சட்டென்று நிமிர்ந்தாள்.

விமானத்துக்குள் தலையை நுழைத்தாள். உயரத்துக் குளிருக்காக ஹீட்டர் திறந்திருந்தது. மீட்டர்களுக்குப் பக்கத்தில் ஒரு சதுரத் தடம். அங்கே ஏதோ ஒட்டியிருந்து, யாரோ பிய்த்திருக்கிறார்கள். விரலால் தொட்டாள். பசை ஒட்டியது. தூசிகூடப் படியவில்லை.

"இந்த இடத்துல சின்னதா ஒரு அட்டை இருக்கணும். கார்பன் மோனாக்சைடுன்னு ஒரு விஷக்காத்து. வாசனை கிடையாது, நிறம் கிடையாது. ரத்தத்துல ஏறினா முகம் இப்படித்தான் செவக்கும். அது உள்ள வந்தா அந்த அட்டை கறுத்துப்போகும். பைலட்டுக்கு அது ஒண்ணுதான் எச்சரிக்கை. அதைக் காணோம்."

இறங்கி, எஞ்சின் மூடியைக் கழற்றினாள். புகைக்குழாயைச் சுற்றியிருந்த தகட்டையும் கழற்றினாள். டார்ச் அடித்தாள்.

குழாயில் ஒரு விரிசல்.

"சூடான இந்தக் குழாய் மேல காத்து பட்டு, அந்தக் காத்துதான் உள்ள ஹீட்டருக்குப் போகுது. குழாய் விரிஞ்சா புகையும் சேர்ந்து போகும்."

"அப்ப விபத்துதான்."

"விரிசல் கோணல்மாணலா ஓடும் இன்ஸ்பெக்டர். இது ஸ்கேல் வச்சுக் கோடு போட்ட மாதிரி இருக்கு. ரம்பம்."

இன்ஸ்பெக்டர் கக்கத்திலிருந்த தொப்பியை எடுத்துத் தலையில் வைத்துக்கொண்டார்.

அவள் வரப்போரமாக நடந்து போய் ஆஸ்பத்திரிக்கு ஃபோன் செய்தாள். டாக்டர் பேசியதை இரண்டு நிமிடம் குறுக்கிடாமல் கேட்டாள்.

"சரி டாக்டர். இது உங்களுக்கும் எனக்கும் இன்ஸ்பெக்டருக்கும் மட்டும் தெரிஞ்சா போதும். நான் சொல்ற வரைக்கும் வேற யாருக்கும் வேண்டாம்."

*

மறுநாள் காலை அவளுடைய அலுவலகம். ஜன்னலில்லாத அறை. கம்ப்யூட்டர் திரையில் பச்சைக் கோடு ஒன்று ஓடியது.

"இது என்ன மேடம், இ.சி.ஜி.யா?"

"கிட்டத்தட்ட. எஞ்சின் எவ்வளவு பெட்ரோல் குடிச்சுதுன்னு நொடிக்கு நொடி பதிவாகியிருக்கு. உக்காருங்க."

இன்ஸ்பெக்டர் உட்கார்ந்தார். "ரம்பம் வரைக்கும் புரிஞ்சுது. மெக்கானிக்கைத் தூக்கிட வேண்டியதுதானே?"

"ப்ளேன் நிக்கிற ஷெட்டுக்கு நாலு பேர் வந்துபோறாங்க. யார் வேணா அறுத்திருக்கலாம். அதோட, அறுத்தது மட்டும் இவரைச் சாய்ச்சிருக்காது."

"புரியல."

"விமானத்துல சிவப்பா ஒரு குமிழ் பாத்தீங்கல்ல? அது பெட்ரோலையும் காத்தையும் கலக்குற அளவு. முழுசா உள்ள தள்ளினா பெட்ரோல் ஜாஸ்தி. வெளிய இழுக்க இழுக்கக் குறையும். தரையில முழுசா உள்ள இருக்கும். மேல போகப் போகக் காத்து மெலிசாகும். அதுக்குத் தக்கபடி பெட்ரோலையும் குறைக்கணும்."

"குறைக்கலன்னா?"

"காத்து போகாத விறகடுப்பு என்ன பண்ணும்?"

"புகையும்."

"அதேதான். பாதி எரிஞ்சும் எரியாமலும் விஷக்காத்தாகும். குமிழை இழுத்து அளவாக் குறைச்சு ஓட்டினா அந்த விஷம் கொஞ்சம்தான் வரும். குழாய் விரிஞ்சிருந்தாலும் தலைவலியோட தப்பிச்சுக்கலாம். கேப்டன் எப்படி ஓட்டுவார்னு பழைய பதிவையெல்லாம் பாத்துட்டேன். மூவாயிரம் அடி தாண்டினா இழுத்துடுவார். ஒரு நாள்கூடத் தவறல. மணிக்கு முப்பத்து மூணு லிட்டருக்கு மேல எஞ்சினுக்குக் கொடுத்ததில்ல. பிள்ளைக்கு மருந்து ஊத்துற மாதிரி ஊத்துவார்."

"நேத்து?"

"ஐம்பது. ஒன்பதாயிரம் அடியில, கடைசி வரைக்கும் ஐம்பது."

அவள் திரையில் ஓரிடத்தைத் தொட்டாள். உயரத்தில் ஓடிய பச்சைக் கோடு அங்கே திடீரெனக் கீழே சரிந்து, மறுபடி ஏறியிருந்தது. சின்னப் பள்ளம்.

"கிளம்பின பதினாலாவது நிமிஷம். பழக்கதோஷத்துல கை தானாக் குமிழை இழுத்திருக்கு. நாற்பது செகண்ட் கழிச்சு அவரே திரும்ப உள்ள தள்ளியிருக்கார். அதுக்கப்புறம் தொடவே இல்ல."

இன்ஸ்பெக்டர் திரையருகே குனிந்தார்.

"இழுத்த கை ஏன் தள்ளுச்சு?"

"யாரோ 'இழுக்காதே'ன்னு சொல்லியிருக்காங்க. அது ஞாபகம் வந்திருக்கு. அவ்வளவு வருஷப் பழக்கத்தை ஒருத்தர் பேச்சுக்காக விடணும்னா... சொன்னவர்மேல அவ்வளவு நம்பிக்கை இருந்திருக்கணும்."

*

அன்று மதியம் கேப்டனின் அறையை அவள் தனியாகத் திறந்தாள்.

ஒரு கட்டில். ஒரு தலையணை. ஒரு தட்டு, ஒரு டம்ளர். சுவரில் ஆணி மட்டும் இருந்தது, படம் இல்லை. பேச்சுத் துணைக்கு ரேடியோ. அதன்மேல் கைக்குட்டையில் சுற்றிய ஏதோ ஒன்று.

அவள் வீட்டைப் பார்ப்பது போலவே இருந்தது. கதவருகே கொஞ்ச நேரம் நின்றுவிட்டுத்தான் உள்ளே போனாள்.

கைக்குட்டையைப் பிரித்தாள்.

எஞ்சினுக்குள் வைக்கும் வால்வு. புதுசு. பிளாஸ்டிக் உறைகூடப் பிரிக்கவில்லை. உறையில் ஒரு நம்பர்.

அந்த நம்பரை அவள் எங்கோ எழுதியிருக்கிறாள்...

அலுவலகத்துக்குத் திரும்பி ஆறு வருஷத்துக்கு முந்தைய கோப்பைத் தேடி எடுத்தாள். பத்தொன்பது வயதுப் பெண், கேப்டனிடம் விமானம் ஓட்டப் படித்தவள். தனியாகப் பறந்தபோது எஞ்சின் நின்று விழுந்து இறந்தாள். எஞ்சின் கருகி உருகியிருந்தது. பராமரிப்புப் பதிவேட்டின்படி எல்லாம் சரி. இந்த நம்பர் வால்வு புதிதாக மாட்டப்பட்டதாகக் கையெழுத்து இருந்தது.

கோப்பின் கடைசிப் பக்கத்தில் முடிவு. 'சிவப்புக் குமிழை அளவுக்கு மீறி இழுத்ததால் எஞ்சின் சூடேறி நின்றது. மாணவியின் தவறு.'

கீழே கையெழுத்து.

அவளுடையது.

மாட்டியதாக எழுதப்பட்ட வால்வு, பிரிக்காத உறையில் அவள் மடியில் கிடந்தது.

அன்று அந்தப் பெண்ணின் அம்மா அலுவலக வாசலில் நின்று, "என் பொண்ணு அப்படிக் கவனக்குறைவா இருக்க மாட்டாம்மா" என்று சொன்னதும், தான் கடிகாரத்தைப் பார்த்ததும் அவளுக்கு நினைவு வந்தது.

*

மூன்றாம் நாள். நண்பகல்.

விமான ஷெட்டின் தகரக் கூரை வெயிலில் படபடத்தது.

மெக்கானிக் தனியாக உட்கார்ந்திருந்தார். அறுபதை நெருங்கும் வயது. ஊரே அவரை ஸ்பேனர் என்றுதான் கூப்பிடும். முன்னால் சாப்பாட்டு டப்பா திறந்திருந்தது. தொட்டமாதிரி இல்லை. எதிரே ஒரு இரும்பு நாற்காலி காலி.

அவள் அதை இழுத்தாள்.

"அது அவர் சேர் மேடம்."

அவள் கையை எடுத்துவிட்டு, ஒரு மரப்பெட்டிமேல் உட்கார்ந்தாள். இன்ஸ்பெக்டர் கதவோரம் சாய்ந்து நின்றார்.

"பத்தொன்பது வருஷம் மேடம். மதியம் ரெண்டு பேரும் இங்கதான் சாப்பிடுவோம். அவருக்கும் வீட்ல யாரும் இல்ல, எனக்கும் இல்ல." கண்களைத் துடைத்துக்கொண்டார். "எப்ப கொடுப்பாங்க மேடம்? காரியமெல்லாம் நான்தான் பண்ணணும். வேற யார் இருக்கா?"

"டாக்டர் இன்னும் விடல" என்றார் இன்ஸ்பெக்டர்.

அவள் கேட்டாள், "அவர் ஏன் அன்னைக்கு சிவப்புக் குமிழை உள்ளயே வச்சிருந்தார்?"

"வயசாச்சில்ல. மறந்திருப்பார்."

"மறக்கல. இழுத்தார். நாற்பது செகண்ட் கழிச்சுத் திரும்பத் தள்ளினார்."

ஸ்பேனரின் கை டப்பா மூடியில் நின்றது.

"புது சிலிண்டர் மாட்டினா, அது பழகுற வரைக்கும் பெட்ரோல் ஜாஸ்தியா விட்டு ஓட்டச் சொல்றது வழக்கம். இல்லையா?"

"ஆமா. பத்து மணி நேரம்."

"இந்த எஞ்சின்ல மூணாவது சிலிண்டர் மாத்தினதா உங்க பதிவேட்டுல இருக்கு. போன வாரத் தேதி."

"மாத்தினேன்."

"எஞ்சினைப் பாத்துட்டுதான் வரேன். ஆறு போல்ட்டுலயும் பழைய பெயின்ட் கோடு உடையாம இருக்கு. ஸ்பேனரே படல. மாத்தாத சிலிண்டரை மாத்தினதா ஏன் சொன்னீங்க?"

தகரம் படபடத்தது.

அவள் கைப்பையிலிருந்து வால்வை எடுத்து, டப்பாவுக்குப் பக்கத்தில் வைத்தாள்.

ஸ்பேனர் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். அவருடைய தோள்கள் மெல்லத் தொங்கின.

"இதை மாட்ட வேண்டிய அன்னைக்குக் காலைல என் சம்சாரம் பெட்டியைத் தூக்கிக்கிட்டுக் கிளம்பிட்டா" என்றார் வால்வைப் பார்த்தபடியே. "அவ பின்னாலயே பஸ் ஸ்டாண்டுக்கு ஓடினேன். போறதுக்கு முன்னால கையெழுத்தைப் போட்டுட்டேன். நாளைக்கு மாட்டிக்கலாம்னு. ஒரே ஒரு நாள்தானேன்னு. சாயங்காலம் அந்தப் பொண்ணு விழுந்துடுச்சு. சம்சாரமும் திரும்பி வரல."

"அப்புறம் இதைத் தூக்கிப் போட்டிருக்கலாமே?"

"மனசு வரல மேடம். ஆறு வருஷமா டிராயர்ல வச்சுத் தினம் பாத்தேன். போன வாரம் திருப்புளி தேடின கேப்டன் கையில அது மாட்டிக்கிச்சு."

"கேப்டன் என்ன சொன்னார்?"

"கத்தல. திட்டல. 'நீயே அந்தப் பொண்ணோட அம்மாகிட்ட போய்ச் சொல்லு. திங்கக்கிழமை வரைக்கும் பாப்பேன்'னார்." சட்டென்று நிமிர்ந்தார். குரல் மாறியிருந்தது. "வால்வு விஷயத்துக்கு என்ன தண்டனையோ கொடுங்க. ஆனா கேப்டன் விஷயத்துல என்கிட்ட எதுவும் நிக்காது மேடம். பெட்ரோல் ஜாஸ்தியா விட்டு ஓட்டுன்னு நான் சொன்னதை யார் கேட்டா? அப்ப ஷெட்டுல இருந்தது நாங்க ரெண்டே பேர். அதுல ஒருத்தர் இல்ல."

"வாஸ்தவம்" என்றாள் அவள்.

ஃபோனை எடுத்தாள். நம்பரை அழுத்தினாள். ஸ்பீக்கரைப் போட்டு, மரப்பெட்டிமேல் வைத்தாள்.

மணி அடித்தது. யாரோ எடுத்தார்கள். மூச்சு வாங்கும் சத்தம். பிறகு தொண்டை வறண்ட ஒரு குரல்.

"ஸ்பேனர்... சாப்டியா?"

டப்பா தரையில் விழுந்து உருண்டது.

ஸ்பேனர் எழுந்தார். நாற்காலியைப் பிடித்தார். காலி நாற்காலியை.

"நேத்து ராத்திரிதான் கண்ணு முழிச்சேன்" என்றது குரல். "முழிச்சதும் இந்த மேடம் வந்து கேட்ட முதல் கேள்வி, குமிழை யார் உள்ள வைக்கச் சொன்னதுன்னு. சொல்ல மனசு வரல. காலைல வரைக்கும் யோசிச்சுட்டுச் சொன்னேன். 'அட்டை பழசாயிடுச்சு, நாளைக்குப் புதுசு ஒட்டுறேன்'னு நீ சொன்னப்பகூட எனக்கு ஒண்ணும் தோணலடா. பத்தொன்பது வருஷமா நீ சரின்னு சொன்னப்புறம்தானே தினம் மேல ஏறினேன்."

"முடியாது..." ஸ்பேனர் முணுமுணுத்தார். "கணக்கு போட்டேனே. ஒரு மணி நேரத்துல மயக்கம். இறக்கையைச் சமமா வைக்கிற கருவி வண்டியைத் தானா நேரா ஓட்டிக்கிட்டே போகும். மலையைத் தாண்டி, வயலைத் தாண்டி... நாலரை மணி நேரம். கடலுக்குள்ள போயிருக்கணுமே. ஒரு துண்டுகூடக் கிடைச்சிருக்கக் கூடாதே..."

பேசி முடித்த பிறகுதான், என்ன பேசினோம் என்று அவருக்கு உறைத்தது.

"டேங்க் நூற்றைம்பது லிட்டர்" என்றாள் அவள். "மணிக்கு எத்தனைன்னு வகுத்தீங்க?"

"முப்பத்து மூ..."

பாதியில் நின்றது.

"அது கேப்டன் ஓட்டுற கணக்கு. பத்தொன்பது வருஷப் பழக்கம், உங்களுக்கும். விஷம் வரணும்னு ஐம்பது குடிக்க வச்சீங்க. மூணு மணி நேரத்துல டேங்க் காலி. எஞ்சின் நின்னுது. எஞ்சின் நின்னா விஷமும் நின்னுது. அப்புறம் கால் மணி நேரம் நல்ல காத்தோட தானாச் சறுக்கிக்கிட்டு வந்து ஈர வயல்ல உக்காந்துடுச்சு. அவரைச் சாகடிக்க நீங்க ஜாஸ்தியாக்கின பெட்ரோலேதான் அவரைக் காப்பாத்திடுச்சு."

ஃபோனில் இன்னும் மூச்சுச் சத்தம் கேட்டது.

"ஸ்பேனர்... திங்கக்கிழமை நானே உன்கூட அந்தம்மா வீட்டுக்கு வந்திருப்பேன்டா. தனியா அனுப்பியிருக்க மாட்டேன். அதைச் சொல்லாம விட்டுட்டேன் பாரு."

ஸ்பேனர் தரையில் உட்கார்ந்துவிட்டார். அழுகை சத்தமில்லாமல் வந்தது. இன்ஸ்பெக்டர் அவர் முடிக்கும் வரை காத்திருந்து, கைத்தாங்கலாகவே தூக்கினார்.

ஜீப் கிளம்பத் தயாரானது. அவள் தன் காரில் ஆறு வருஷத்துப் பழைய கோப்பை வைத்தாள்.

"நீங்க ஸ்டேஷனுக்கு வரலையா மேடம்?" என்றார் இன்ஸ்பெக்டர்.

"ஒரு அம்மாவைப் பாக்கணும். அவங்க பொண்ணு மேல தப்பு இல்லன்னு நான்தான் சொல்லணும். எழுதினது நான்."

"நானும் வரட்டுமா?"

"வேண்டாம். அப்புறம் ஆஸ்பத்திரிக்குப் போறேன். அங்க ஒருத்தர் மத்தியானம் தனியாச் சாப்பிட்டுப் பழக்கமில்லாதவர்."

இன்ஸ்பெக்டர் தலையாட்டினார். ஜீப்பின் பின்பக்கம் குனிந்து உட்கார்ந்திருந்தவரை ஒரு முறை பார்த்தார். பெருமூச்சு விட்டார்.

"ஸ்கூட்டர் வாங்குறவன்கூட நாலு பேர்கிட்ட விசாரிக்கிறான் மேடம். கொலை பண்ணக் கிளம்பினவன் மைலேஜ் பாக்க வேண்டாமா!"